கணினித் திரையும் கண் அயர்ச்சியும்

கணினி, மடிக்கணினி, கைபேசி ஆகியவற்றின் திரையை நெடுநேரம் தொடர்ந்து பார்ப்பதால் கண்ணில் உண்டாகும் எரிச்சல், உலர்வு, மங்கல், தலைவலி போன்ற தொல்லைகளின் தொகுப்பு கணினிக் கண் அயர்ச்சி எனப்படுகிறது. இது பெரும்பாலும் தற்காலிகமானது. ஓய்வு கொடுத்தால் தணிந்துவிடும். ஆனால் நாள்தோறும் தொடரும்போது படிப்பையும் வேலையையும் பாதிக்கிறது. அறையின் வெளிச்சம், திரையின் தன்மை, கணினியின் வரைகலை அமைப்புகள் ஆகிய மூன்றையும் சரிசெய்தால் இத்தொல்லையைப் பெருமளவு குறைக்கலாம். இம்மாற்றங்களில் பலவற்றுக்குச் செலவே இல்லை.

தமிழகச் சூழல்

சென்னை நந்தனத்தில் அண்ணா சாலையில் அமைந்துள்ள தமிழ்நாடு மின்னணு நிறுவனம் (எல்காட்) தமிழக அரசின் நிறுவனமாக 1977 இல் தொடங்கப்பட்டது. அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்துக்கான கணினிகளைக் கொள்முதல் செய்யும் பொறுப்பு இந்நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அறிஞர் அண்ணா பிறந்த நாளான 2011 செப்டம்பர் 15 அன்று அன்றைய முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா இத்திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அடுத்த சில ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் மடிக்கணினி பெற்றனர். அவர்களில் பலருக்கு அதுவே வீட்டுக்கு வந்த முதல் கணினி.

தொடக்கத்தில் வழங்கப்பட்ட மடிக்கணினிகள் 14 அங்குலத் திரையும், கிடையாக 1366, செங்குத்தாக 768 படப்புள்ளிகளும் கொண்டவை. விண்டோஸ் இயங்குதளத்துடன், சென்னை சி-டாக் மையத்தில் உருவான பாஸ் லினக்ஸ் இயங்குதளமும் அவற்றில் இருந்தது. 2025-26 ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது.

இப்படிக் கணினி பெறும் மாணவர் திரையைத் தாமாகத் தேர்ந்தெடுப்பதில்லை. கொடுக்கப்பட்ட திரையிலேயே படிக்க வேண்டும். படிக்கும் இடமும் தனி அறையாக இருப்பதில்லை. கட்டில், தரை, சமையலறை மேடை, சன்னலோரம் என்று கிடைத்த இடத்தில் மடிக்கணினி திறக்கப்படுகிறது. ஆகவே விலை உயர்ந்த திரையை வாங்கச் சொல்லும் அறிவுரையைவிட, இருக்கும் திரையையும் இருக்கும் வெளிச்சத்தையும் சரியாகப் பயன்படுத்தும் முறையே அவர்களுக்கு உதவும்.

கண் ஏன் அயர்கிறது

திரையைப் பார்க்கும்போது கண்ணில் மூன்று மாற்றங்கள் நிகழ்கின்றன.

முதலாவது, இமைத்தல் குறைகிறது. ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் கண்ணின் மேற்பரப்பில் கண்ணீர் ஒரு மெல்லிய படலமாகப் பரவுகிறது. இப்படலமே கருவிழியை ஈரமாகவும் பார்வையைத் தெளிவாகவும் வைத்திருக்கிறது. ஜப்பானிய மருத்துவர்கள் கசுவோ சுபோட்டா, கத்சு நகமோரி ஆகியோர் 1993 இல் வெளியிட்ட ஆய்வில், ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 22 முறை இமைப்பவர்கள், நூல் படிக்கும்போது 10 முறையும், கணினித் திரையைப் பார்க்கும்போது 7 முறையும் மட்டுமே இமைத்ததாகக் கண்டனர். இமைக்கும் இடைவெளி நீளும்போது கண்ணீர்ப் படலம் ஆவியாகி உடைகிறது. அதனால் எரிச்சலும், மண் விழுந்தது போன்ற உறுத்தலும் தோன்றுகின்றன.

இரண்டாவது, அண்மைப் பார்வைக்கான தசைகள் ஓய்வின்றி உழைக்கின்றன. 6 மீட்டருக்கு அப்பால் உள்ள பொருளைப் பார்க்கும்போது விழிவில்லையைக் கட்டுப்படுத்தும் தசை ஏறத்தாழ ஓய்வில் இருக்கும். அருகில் பார்க்க அது சுருங்க வேண்டும். 50 செ.மீ. தொலைவில் உள்ள திரைக்கு 2 டயாப்டர் அளவும், 25 செ.மீ. தொலைவில் பிடித்த கைபேசிக்கு 4 டயாப்டர் அளவும் கண் தன் குவிக்கும் திறனைக் கூட்ட வேண்டியுள்ளது. அதாவது தொலைவு பாதியானால் உழைப்பு இரு மடங்காகிறது. இரு கண்களையும் மூக்கை நோக்கித் திருப்பும் தசைகளும் அதே நேரத்தில் உழைக்கின்றன.

மூன்றாவது, வெளிச்ச வேறுபாட்டால் கண் அலைகிறது. இருண்ட அறையில் ஒளிரும் திரை, அல்லது திரைக்குப் பின்னால் வெயில் அடிக்கும் சன்னல் இருந்தால், கண்பாவை எந்த வெளிச்சத்துக்கு ஏற்பச் சுருங்குவது என்று ஓயாமல் மாறிக்கொண்டிருக்கும். திரையில் சன்னலோ விளக்கோ எதிரொளித்தால், எழுத்தையும் அதன் மேல் விழுந்த பிம்பத்தையும் பிரித்தறிய முயன்று கண் மேலும் சோர்கிறது.

அறையின் வெளிச்சம்

சன்னல்: சன்னல் திரைக்கு நேர் எதிரிலோ நேர் பின்னாலோ இருக்கக் கூடாது. எதிரில், அதாவது பார்ப்பவரின் முதுகுப் பக்கம் இருந்தால் திரையில் எதிரொளிக்கும். பின்னால் இருந்தால் கண் கூசும். சன்னல் பக்கவாட்டில் அமையும்படி மேசையைத் திருப்பிப் போடுவதே சரியான முறை. சென்னையில் கிழக்கு சன்னலில் காலையிலும், மேற்கு சன்னலில் பிற்பகல் மூன்று மணிக்குப் பின்னும் சாய்வான வெயில் நேராக உள்ளே விழும். வடக்கு சன்னலில் ஆண்டின் பெரும்பகுதி நேர் வெயில் விழாததால் வெளிச்சம் சீராக இருக்கும். வேறு வழியில்லாத இடத்தில் ஒரு வெளிர் நிறத் துணித் திரை போதும். ஒளியை முழுவதும் அடைக்காமல் பரவச் செய்வதே அதன் வேலை.

வெளிச்சத்தின் அளவு: வெளிச்சம் லக்ஸ் என்னும் அலகால் அளக்கப்படுகிறது. நண்பகல் வெயில் 1,00,000 லக்ஸ் அளவை எட்டும். எழுதவும் படிக்கவும் மேசை மீது 300 முதல் 500 லக்ஸ் வரை இருந்தால் போதுமானது. ஒரே ஒரு குழல் விளக்கு உள்ள அறையில், விளக்கிலிருந்து தள்ளியுள்ள மூலையில் 100 லக்ஸ் கூடக் கிடைக்காமல் போகலாம். அங்கே நோட்டுப் புத்தகத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்க்கும் மாணவருக்கு, தாளின் மீது மட்டும் ஒளி விழும்படி ஒரு சிறிய மேசை விளக்கு பயன்படும். அவ்விளக்கு கண்ணுக்கு நேராகத் தெரியக் கூடாது. திரையிலும் எதிரொளிக்கக் கூடாது.

மின்விசிறியும் விளக்கும்: நம் வீடுகளில் அதிகம் கவனிக்கப்படாத காரணம் இது. விளக்கு கூரையிலோ சுவரின் உச்சியிலோ இருந்து, அதற்குக் கீழே மின்விசிறி சுழன்றால், இறக்கைகளின் நிழல் மேசை மீது வெட்டி வெட்டி விழும். மூன்று இறக்கைகள் கொண்ட மின்விசிறி நிமிடத்துக்கு 300 சுற்று சுழன்றால், ஒளி வினாடிக்கு 15 முறை மறைக்கப்படுகிறது. கண்ணால் எளிதில் உணரக்கூடிய சிமிட்டல் இது. சிலருக்கு இதனாலேயே தலைவலி வரும். விளக்கை மின்விசிறி மட்டத்துக்குக் கீழே, பக்கச் சுவரில் மாற்றிப் பொருத்துவது இதற்குத் தீர்வாகும். அது முடியாவிட்டால் நிழல் விழாத இடத்துக்கு மேசையை நகர்த்தலாம்.

குழல் விளக்கின் சிமிட்டல்: நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 அலைவுகள் கொண்டது. பழைய சோக்கு வைத்த குழல் விளக்கு இதனால் வினாடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. கண்ணுக்கு இது வெளிப்படையாகத் தெரியாது. ஆயினும் பிரிட்டனில் ஆர்னால்ட் வில்கின்ஸ் முதலியோர் 1989 இல் வெளியிட்ட ஆய்வில், அலுவலக விளக்குகளுக்கு மின்னணுச் சோக்கு பொருத்தி இச்சிமிட்டலை நீக்கியபோது, பணியாளர்களின் தலைவலியும் கண் அயர்ச்சியும் சராசரியாகப் பாதிக்கும் கீழே குறைந்தன. தரம் குறைந்த எல்.இ.டி. பல்புகளிலும் இதே சிமிட்டல் உண்டு. இதை வீட்டிலேயே சோதிக்கலாம். விளக்கொளியில் ஒரு பென்சிலை விரல்களில் பிடித்து வேகமாக இருபுறமும் ஆட்ட வேண்டும். பென்சில் ஒரே மங்கலான பட்டையாகத் தெரிந்தால் ஒளி சீரானது. தனித்தனிப் பென்சில்களாகத் தெரிந்தால் விளக்கு சிமிட்டுகிறது.

காற்று: மின்விசிறிக் காற்றோ ஏ.சி. காற்றோ முகத்தில் நேராக அடித்தால் கண்ணீர்ப் படலம் விரைவில் உலரும். ஏ.சி. அறையில் காற்றின் ஈரமும் குறைவு. கணினி ஆய்வகங்களிலும் மென்பொருள் அலுவலகங்களிலும் கண் உலர்வு மிகுவதற்கு இது ஒரு காரணமாகும். காற்று தலைக்கு மேலாகவோ பக்கவாட்டிலோ செல்லுமாறு அமைக்க வேண்டும்.

இரவுப் படிப்பு: வீட்டில் மற்றவர்கள் உறங்கும்போது விளக்கை அணைத்துவிட்டுத் திரை வெளிச்சத்தில் மட்டும் படிக்கும் வழக்கம் மாணவரிடம் உண்டு. மின்வெட்டு நேரத்திலும் இதுவே நிகழ்கிறது. திரைக்குப் பின்னால் உள்ள சுவரில் ஒளி விழுமாறு ஒரு சிறிய விளக்கை வைத்தால், மற்றவர் உறக்கம் கெடாமல் கண்ணின் சுமை குறையும். கூடவே திரையின் ஒளிர்வையும் தாழ்த்த வேண்டும்.

திரையின் தேர்வும் அமைப்பும்

தொலைவும் உயரமும்: கண்ணுக்கும் திரைக்கும் இடையே 50 முதல் 70 செ.மீ. இருக்க வேண்டும். கையை நீட்டினால் விரல் நுனி திரையைத் தொடும் தொலைவு ஏறத்தாழ இதுவே. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருத்தல் நன்று. பார்வை சற்றுத் தாழ்ந்திருந்தால் மேலிமை கண்ணை ஓரளவு மூடும். ஈரமும் அதிகம் ஆவியாகாது. மடிக்கணினியில் திரை மிகவும் தாழ்ந்திருப்பதால் கண்ணுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் கழுத்து வளைகிறது. நெடுநேரம் வேலை செய்பவர்கள் மடிக்கணினியை நான்கைந்து தடித்த புத்தகங்களின் மேல் உயர்த்தி வைத்து, தனி விசைப்பலகையை இணைத்துக்கொள்ளலாம்.

மேற்பரப்பு: திரைகளில் பளபளப்பானவை, மங்கல் பூச்சு உடையவை என இரு வகை உண்டு. பளபளப்பான திரையில் படங்கள் பளிச்செனத் தெரியும். ஆனால் சன்னலும் விளக்கும் கண்ணாடியில் போல எதிரொளிக்கும். படிக்கவும் எழுதவும் மங்கல் பூச்சுத் திரையே ஏற்றது. அணைத்து வைத்த திரையின் முன் அமர்ந்து பார்த்தால் எதிரொளிப்பு முழுவதும் தெரிந்துவிடும். அதில் தெரியும் ஒவ்வொரு விளக்கும் வேலை செய்யும்போதும் கண்ணைத் தொல்லை செய்யும்.

படப்புள்ளி அடர்த்தி: ஓர் அங்குலத்தில் எத்தனை படப்புள்ளிகள் உள்ளன என்பதே திரை எழுத்தின் கூர்மையைத் தீர்மானிக்கிறது. 14 அங்குலத் திரையில் 1366 × 768 புள்ளிகள் இருந்தால் அடர்த்தி அங்குலத்துக்கு 112. அதே அளவுத் திரை முழு உயர்தெளிவு, அதாவது 1920 × 1080 புள்ளிகள் கொண்டதாயின் 157. ஆனால் 24 அங்குலத் திரையில் அதே 1920 × 1080 புள்ளிகள் பரவும்போது அடர்த்தி 92 ஆகக் குறைகிறது. நல்ல பார்வை உடையவரின் கண் 60 செ.மீ. தொலைவில் அங்குலத்துக்கு ஏறத்தாழ 145 புள்ளிகள் வரை பிரித்தறியும். அதற்கும் குறைந்த அடர்த்தியில் எழுத்தின் ஓரங்கள் படிக்கட்டுப் போலத் தெரியும். புதிதாக வாங்குவோர் திரையின் அங்குலத்தை மட்டும் பார்க்காமல் புள்ளிகளின் எண்ணிக்கையையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஒளிர்வு: கடையில் கவரும்படி இருக்கவே திரைகள் மிகுந்த ஒளிர்வுடன் அமைக்கப்பட்டு வருகின்றன. 300 முதல் 500 லக்ஸ் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாள் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 75 முதல் 130 கேண்டெலா ஒளிர்வு உடையது. திரைகளோ 250 கேண்டெலாவுக்கு மேலும் ஒளிரக்கூடியவை. கருவி எதுவும் இல்லாமலே இதைச் சரிசெய்யலாம். வெற்று வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திரையில் திறந்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடிக்க வேண்டும். திரை விளக்குப் போல ஒளிர்ந்தால் ஒளிர்வு மிகை. சாம்பல் நிறமாகத் தெரிந்தால் குறைவு. இரண்டும் ஒன்றுபோல் தெரியும் அளவே சரி. பகலிலும் இரவிலும் இதைத் தனித்தனியே சரிபார்க்க வேண்டும்.

திரையின் சிமிட்டல்: பழைய படக்குழாய்த் திரைகள் வினாடிக்கு 60 முறை மட்டுமே புதுப்பிக்கப்பட்டபோது கண்ணுக்குத் தெரியும்படி சிமிட்டின. அதை 75 அல்லது 85 ஆக உயர்த்துவது அக்காலத்தின் முதல் அறிவுரையாக இருந்தது. இன்றைய நீர்மப் படிகத் திரைகளில் படம் அவ்வாறு அணைந்து எரிவதில்லை. ஆனால் பின்னொளி விளக்கு சில திரைகளில் சிமிட்டுகிறது. ஒளிர்வைக் குறைக்க, விளக்கை மிக விரைவாக அணைத்து ஏற்றும் முறையை இத்திரைகள் கையாள்கின்றன. ஒளிர்வு குறையக் குறைய அணைந்திருக்கும் நேரம் கூடுகிறது. மின்னோட்டத்தையே குறைத்து ஒளிர்வைத் தாழ்த்தும் திரைகளில் இக்குறை இல்லை. அவை சிமிட்டலற்ற திரைகள் என விற்கப்படுகின்றன. வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, ஒளிர்வைக் குறைத்து, திரையின் முன் பென்சிலை ஆட்டி இதையும் சோதிக்கலாம். சிமிட்டும் திரை எனத் தெரிந்தால் திரையின் ஒளிர்வைச் சற்று உயர்த்தி, அதற்கேற்ப அறையின் வெளிச்சத்தையும் உயர்த்துவது நல்லது.

வரைகலை அமைப்புகள்

இயல்பான தெளிவுத்திறன்: நீர்மப் படிகத் திரைக்கு ஒரே ஓர் இயல்பான புள்ளி எண்ணிக்கை உண்டு. எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக 1366 × 768 திரையை 1024 × 768 என மாற்றினால் எழுத்து பெரிதாவதோடு மங்கலாகவும் ஆகிவிடும். கண் அந்த மங்கலைச் சரிசெய்ய வீணாக முயலும். தெளிவுத்திறனை இயல்பான அளவிலேயே வைத்து, எழுத்தின் அளவை மட்டும் 125 அல்லது 150 விழுக்காடாக உயர்த்துவதே சரியான வழி. இதற்கான அமைப்பு விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் உள்ளது.

இயக்கி மென்பொருள்: இயங்குதளத்தை மீண்டும் நிறுவியபின் திரை திடீரென மங்கலாகவோ அகன்றோ தெரிவதாகப் பலர் கூறுவதுண்டு. வரைகலைச் சில்லுக்கு உரிய இயக்கி மென்பொருள் நிறுவப்படாததே பெரும்பாலும் இதற்குக் காரணம். அப்போது கணினி ஒரு பொதுவான அடிப்படை இயக்கியைக் கொண்டு, திரைக்குப் பொருந்தாத தெளிவுத்திறனில் படம் காட்டுகிறது. உரிய இயக்கியை நிறுவினால் கூர்மை திரும்பும். கண்ணாடி மாற்ற வேண்டுமோ என எண்ணுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

இணைப்புக் கம்பி: தனித் திரையைப் பழைய வி.ஜி.ஏ. கம்பியால் இணைத்தால் சமிக்ஞை தொடர் அலையாகச் செல்வதால் எழுத்தின் ஓரம் நடுங்கவோ நிழலாடவோ கூடும். எச்.டி.எம்.ஐ. போன்ற எண்முறைக் கம்பியில் இது நேராது. இரண்டு துளைகளும் உள்ள திரையில் கம்பியை மாற்றினாலே வேறுபாடு தெரியும்.

வரைகலை அட்டை: படிக்கவும் எழுதவும் தனி வரைகலை அட்டை தேவையில்லை. கணினியில் உள்ளிணைந்த சில்லே போதும். வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையும் இதற்குப் போதுமானது. 120 முறை புதுப்பிக்கும் திரையில் பக்கத்தை நகர்த்தும்போது எழுத்து கூடுதல் தெளிவாக இருக்கும். விளையாட்டுக்கும் வேகமான அசைபடங்களுக்கும் அது பயன்படும். படிப்பதற்கு மட்டும் வாங்குபவர், அந்தப் பணத்தைப் புள்ளி அடர்த்தி மிகுந்த திரைக்குச் செலவிடுவது நல்லது.

இருள் தோற்றம்: கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து கண்ணுக்கு நல்லது என்ற கருத்து பரவலாக உள்ளது. வெளிச்சமான அறையில் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தையே பெரும்பாலோர் விரைவாகவும் பிழையின்றியும் படிக்கின்றனர். வெண்பின்னணியில் கண்பாவை சுருங்குவதால் பிம்பம் கூர்மையாக விழுகிறது. இருண்ட பின்னணியில் கண்பாவை விரிவதால், சிதறல் பார்வை உடையவர்களுக்கு வெள்ளை எழுத்தைச் சுற்றி ஒளிக்கசிவு தெரியும். மங்கிய அறையில் இருள் தோற்றம் கூச்சத்தைக் குறைக்கும். எனவே பகலில் ஒளித் தோற்றம், இரவில் விருப்பத்துக்கு ஏற்ப என்று வைத்துக்கொள்ளலாம்.

தமிழ் எழுத்தும் திரையும்

கண் அயர்ச்சி பற்றிய பொதுவான அறிவுரைகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தை மனத்தில் கொண்டவை. தமிழ் படிப்போர் கூடுதலாகச் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். ண, ஞ, ழு, னூ போன்ற எழுத்துகளில் வளைவுகள் நெருங்கி அமைகின்றன. புள்ளி இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்துக் கல் என்பது கல ஆகலாம், கண் என்பது கண ஆகலாம். ர என்னும் எழுத்துக்கும் காலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு சிறு சாய்கோடு மட்டுமே. படப்புள்ளிகள் போதாத திரையில், சிறிய அளவில் இந்த நுண்மைகள் அழிந்துவிடும். படிப்பவர் சொல்லைக் கண்ணால் பார்ப்பதோடு ஊகித்தும் அறிய வேண்டியதாகிறது. அப்போது தம்மையறியாமல் தலையை முன்னே நீட்டித் திரையை நெருங்குகிறார். தொலைவு குறைந்து தசையின் உழைப்பு கூடுகிறது.

திரை எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்குப் பன்னாட்டுப் பணியியல் தரம் ஓர் அளவு தருகிறது. எழுத்தின் உயரம் கண்ணில் 20 முதல் 22 கோணத்துளி அளவு இருத்தல் நன்று. 16 கோணத்துளிக்குக் குறையக் கூடாது. 60 செ.மீ. தொலைவில் 20 கோணத்துளி என்பது 3.5 மி.மீ. ஆகும். 45 செ.மீ. தொலைவில் 2.6 மி.மீ. ஆகும். மாணவர் தம் அளவுகோலைத் திரையில் வைத்து ப என்னும் எழுத்தின் உயரத்தை அளந்து பார்க்கலாம். 14 அங்குல, 1366 × 768 திரையில் 12 புள்ளி அளவுத் தமிழ் எழுத்தின் ப சுமார் 2 மி.மீ. மட்டுமே இருக்கும். ஆகவே அத்தகைய திரையில் பக்கத்தை 150 விழுக்காடாகவேனும் பெரிதாக்கிப் படிப்பதே முறையாகும்.

எழுத்துருவும் முக்கியம். விண்டோஸ் 2000 உடன் லதா என்னும் தமிழ் எழுத்துரு வந்தது. விண்டோஸ் 7 இல் விஜயாவும், விண்டோஸ் 8 இல் நிர்மலாவும் சேர்ந்தன. லினக்ஸில் லோகித் தமிழ் எழுத்துரு பரவலாகக் கிடைக்கிறது. கூகுளின் நோட்டோ தமிழ் எழுத்துருவை எவரும் இலவசமாக நிறுவிக்கொள்ளலாம். கோடுகளின் தடிமன் சீராகவும், உள்வளைவுகள் திறந்தும் உள்ள எழுத்துருவே திரைக்கு ஏற்றது. மெல்லிய கோடும் தடித்த கோடும் கலந்த அச்சு எழுத்துருக்கள் தாளில் அழகாக இருந்தாலும் குறைந்த அடர்த்தித் திரையில் உடைந்து தெரியும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. கொக்கிகளும் கொம்புகளும் வரிக்கு மேலும் கீழும் நீள்கின்றன. எனவே வரிகளுக்கிடையே எழுத்தின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு இடைவெளி விட்டால் படிக்க இதமாக இருக்கும்.

நீல ஒளி

திரையின் நீல ஒளி கண்ணைக் கெடுப்பதாகக் கூறி அதைத் தடுக்கும் கண்ணாடிகள் விற்கப்படுகின்றன. பல ஆய்வுகளைத் தொகுத்து 2023 இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, இக்கண்ணாடிகளால் குறுகிய காலத்தில் கண் அயர்ச்சி குறைவதாகத் தெரியவில்லை என முடிவு கூறியது. வெளியில் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குள் செல்லும் நீல ஒளியோடு ஒப்பிட்டால் திரையிலிருந்து வருவது மிகக் குறைவு. எனினும் இரவில் நீல ஒளி உறக்கத்தைத் தள்ளிப்போடக் கூடும். விண்டோஸிலும் கைபேசிகளிலும் உள்ள இரவொளி அமைப்பு திரையை மஞ்சளாக்கி அதைக் குறைக்கிறது. படுக்கைக்குச் செல்வதற்கு ஒரு மணி நேரம் முன்பே திரையை மூடுவது அதைவிட நல்லது.

இடைவேளை

எல்லா அமைப்புகளும் சரியாக இருந்தாலும் இடைவேளை இன்றியமையாதது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தொலைவில் உள்ள ஒன்றை, 20 வினாடி பார்ப்பது என்னும் விதி உலகெங்கும் பரிந்துரைக்கப்படுகிறது. 20 அடி என்பது ஏறத்தாழ 6 மீட்டர். சிறிய வீட்டில் அத்தொலைவு இருக்காது. சன்னல் வழியே எதிர்வீட்டு மாடியையோ மரத்தையோ பார்த்தால் போதும். அப்போது இமைகளை முழுவதுமாக மூடித் திறந்து பத்து முறை இமைக்க வேண்டும். அரைகுறையாக இமைத்தால் கண்ணின் கீழ்ப்பகுதி நனையாது.

மாணவர்களும் கிட்டப்பார்வையும்

கண் அயர்ச்சியும் கிட்டப்பார்வையும் வேறுவேறு. அயர்ச்சி ஓய்வில் தணியும். கிட்டப்பார்வை கண்விழி நீள்வதால் உண்டாவது. அது தானாக மறையாது. வளரும் வயதில் அருகில் பார்க்கும் வேலை மிகுவதும், வெளியில் செல்வது குறைவதும் கிட்டப்பார்வையோடு தொடர்புடையவை. தைவான் நாட்டுப் பள்ளிகளில் மாணவர்கள் நாள்தோறும் 120 நிமிடம் வெளியில் இருக்கும் திட்டம் 2010 இல் தொடங்கப்பட்டது. அதன்பின் அங்கு மாணவரிடையே பார்வைக் குறைவு ஓரளவு குறைந்தது. மாலை விளையாட்டு நேரத்தைப் படிப்பு நேரமாக மாற்றுவது கண்ணுக்கும் கேடு என்பதைப் பெற்றோர் உணர வேண்டும்.

கரும்பலகை மங்கலாகத் தெரிவதைப் பல குழந்தைகள் சொல்வதில்லை. எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொள்கின்றனர். கண்ணைச் சுருக்கிப் பார்த்தல், பக்கத்து மாணவரின் நோட்டைப் பார்த்து எழுதுதல், திரையை மூக்கருகே கொண்டு செல்லுதல், படித்தபின் நெற்றியைப் பிடித்துக்கொள்ளுதல் ஆகியவை அடையாளங்கள். இத்தகைய மாணவருக்குத் திரையின் அமைப்பை எவ்வளவு மாற்றினாலும் பயனில்லை. கண்ணாடியே தேவை. தமிழகத்தில் பள்ளிகளில் கண் பரிசோதனை செய்து இலவசக் கண்ணாடி வழங்கும் ஏற்பாடு உள்ளது. சென்னையில் 1819 இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனையிலும், மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் கண்ணைச் சோதித்துக்கொள்ளலாம்.

நாற்பது வயதுக்கு மேற்பட்டோருக்கு வெள்ளெழுத்து வருவதால் திரை மங்கலாகத் தெரியலாம். நூல் படிப்பதற்கான கண்ணாடி 40 செ.மீ. தொலைவுக்கு ஏற்றது. திரை அதைவிடத் தள்ளியிருப்பதால், கண்ணாடி வாங்கும்போது திரையின் தொலைவை அளந்து சொல்ல வேண்டும். இருபார்வைக் கண்ணாடி அணிபவர் தாடையை உயர்த்திப் பார்க்க நேர்ந்தால் திரையைச் சற்றுத் தாழ்த்திக்கொள்ளலாம்.

ஓய்வெடுத்தும் தணியாத வலி, திடீர்ப் பார்வைக் குறைவு, இரட்டையாகத் தெரிதல், கண் சிவந்து ஒளியைப் பார்க்க முடியாமை ஆகியவை வெறும் அயர்ச்சி ஆகா. இவற்றுக்கு உடனே மருத்துவரைக் காண வேண்டும். மருந்துக்கடையில் தாமாகக் கேட்டு வாங்கும் சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்தவையும் உண்டு. அவற்றை மருத்துவர் மேற்பார்வையின்றித் தொடர்ந்து இட்டால் கண்ணழுத்த நோயும் கண்புரையும் வரக்கூடும்.

எதை முதலில் செய்வது

செலவில்லாதவற்றை முதலில் செய்யலாம். மேசையைச் சன்னலுக்குப் பக்கவாட்டில் திருப்புதல், திரையின் ஒளிர்வை வெள்ளைத் தாளோடு ஒப்பிட்டுக் குறைத்தல், இயல்பான தெளிவுத்திறனில் எழுத்தை மட்டும் பெரிதாக்குதல், முகத்தில் அடிக்கும் காற்றைத் திருப்புதல், இடைவேளை ஆகிய ஐந்தும் ஒரே நாளில் முடியக்கூடியவை. அடுத்து, சிறு செலவில் சிமிட்டாத பல்பு, மேசை விளக்கு, சன்னல் துணி, தனி விசைப்பலகை ஆகியவற்றைச் சேர்க்கலாம். புதிய திரை வாங்குவது கடைசியாகச் செய்ய வேண்டியது. இம்மாற்றங்களுக்குப் பின்னும் இரண்டு வாரத்தில் தொல்லை குறையாவிட்டால் கண்ணைச் சோதித்துக்கொள்வதே அடுத்த படி.